டி டிரைவ் மறைந்து மறைந்து வருகிறது, பார்மட் செய்யவும் கேட்கிறது: என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி | வியாழன், இரவு 9.48

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் படுத்துகிறது, விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

விண்டோஸ் எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) இருக்கிறது, அதில் தொல்லை ஒன்றும் இல்லை. படம், வீடியோ, அப்பாவின் மணிவிழாப் பதிவு எல்லாம் 2 டிபி ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. அதுதான் டி டிரைவ். கொஞ்ச நாளாக ஏதாவது ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதியில் நின்றுவிடுகிறது. சில நேரம் டி டிரைவே காணாமல் போகும். கணினியை அணைத்துப் போட்டால் திரும்பி வரும். நேற்று ஒரு படி மேலே போய், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் பார்மட் செய்ய வேண்டும்' என்றது. ரத்து செய்துவிட்டு மறுபடி போட்டேன். எல்லாம் பழையபடி தெரிகிறது.

இங்கே சிங்கப்பூரில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்தால், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "டிஸ்க் போச்சு, டேட்டா மீட்புக்கு அனுப்பணும், 800 வெள்ளியில் தொடங்கும்" என்கிறார்கள். உண்மையிலேயே போய்விட்டதா?


தேக்கா_தம்பி | வியாழன், இரவு 10.05

அண்ணே, கவலைப்படாதீங்க. கமாண்ட் விண்டோவைத் திறந்து செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சரிபார்க்கும் கருவி) போட்டு, கூடவே ஆர் சுவிட்ச், அதாவது கட்டளையோட சேர்க்கும் ஆர் எழுத்து, கொடுத்து ராத்திரி முழுக்க ஓட விடுங்க. என் அண்ணன் டிஸ்க் இதே மாதிரிதான் இருந்தது, காலையில் சரியாகிவிட்டது.


லினக்ஸ்_லிங்கம் | வியாழன், இரவு 10.11

வேண்டாம். இப்போது வேண்டவே வேண்டாம். காரணத்தை விரிவாக அப்புறம் எழுதுகிறேன், சமையலறையில் இருக்கிறேன். அதுவரைக்கும் ஈசூன்வாசி அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரி செய்யவா' என்று கேட்டாலும் தலையாட்டாதீர்கள்.


பழைய_மதர்போர்டு | வியாழன், இரவு 10.34

கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், வெறும் 5 வெள்ளி கேபிள் வேலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான்: டிஸ்க் மறையும், வரும், தாமதிக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சில விவரம் வேண்டும்.

முதலில் சத்தம். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சீரான ரீங்காரமும் படிக்கும்போது வரும் மெல்லிய கரகரப்பும் இயல்பு. டக்... டக்... டக்... என்று ஒரே தாளத்தில் அடித்துவிட்டுச் சுழற்சி நின்றுபோனால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் இந்த இழையில் சொல்லப்படும் எதையும் முயல வேண்டாம்.

அடுத்தது, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை எஸ்எஸ்டியில் நிறுவுங்கள், டி டிரைவில் அல்ல. ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலை அது காட்டும். பட்டியல் நீளமாக இருக்கும், பார்க்க வேண்டியது ஐந்துதான்: 05, சி5, சி6, சி7, சி0. கடைசி நெடுவரிசையில் இருக்கும் மூல எண்ணை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, டிஸ்க் பெயரிலோ அதன் இணைப்பு டிரைவர் பெயரிலோ எந்த எண்ணுள்ள எச்சரிக்கைகள் இருக்கின்றன என்று பாருங்கள். 7 என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. 153 என்றால் கேட்டதற்குப் பதில் வராமல் விண்டோஸ் மறுபடி கேட்டிருக்கிறது. 129 என்றால் பதிலே இல்லாமல் இணைப்பை ரீசெட் செய்திருக்கிறது.


லினக்ஸ்_லிங்கம் | வியாழன், இரவு 11.20

செக்டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. யூடியூபில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கருவியின் வேலை உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் கோப்பு முறைமையின் கணக்குப் புத்தகம் முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. ஒரு கோப்பின் பதிவு படிக்க முடியாதபடி இருந்தால் அந்தப் பதிவை வெட்டி எறிந்து கணக்கை நேராக்கிவிடும். மிஞ்சியதை 'ஃபவுண்ட் 000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகக் கொட்டும். திரையில் 'சரி செய்யப்பட்டது' என்று வரும். மணிவிழா வீடியோ எங்கே என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

ஆர் சுவிட்ச் இன்னும் மோசம். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தரவு எழுதும் சிறு கட்டம்) வெற்றிடம் உட்பட வாசிக்கும். நல்ல நிலையில் உள்ள 2 டிபி டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி படித்தால்கூட நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிக்கலான டிஸ்க் என்றால் ஒரு கெட்ட செக்டரில் பல விநாடி முட்டி மோதி நிற்கும், நாள் கணக்கில் ஓடும். கொஞ்ச நேரமே தாங்கும் நிலையில் இருக்கும் டிஸ்க்கின் மிச்ச உழைப்பை, ஒன்றுமே இல்லாத இடத்தை வாசிக்கச் செலவழிப்பானேன்?

சுவிட்ச் எதுவும் கொடுக்காமல் செக்டிஸ்க் ஓட்டினால் பார்க்க மட்டும் செய்யும், எழுதாது. அதுகூட நகல் எடுத்த பிறகு. டிஸ்க் வேண்டுமா, அதில் உள்ளது வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். உள்ளே இருப்பதுதான் வேண்டும் என்றால் பழுதுபார்ப்பு எல்லாம் நகலுக்குப் பின்னால்தான்.


தேக்கா_தம்பி | வியாழன், இரவு 11.31

அப்ப என் அண்ணன் டிஸ்க் எப்படிச் சரியானது?


லினக்ஸ்_லிங்கம் | வியாழன், இரவு 11.37

டிஸ்க் நல்லதாக இருந்து, பாதியில் மின்சாரம் போனதாலோ யுஎஸ்பியைச் சட்டென்று பிடுங்கியதாலோ கணக்குப் புத்தகம் மட்டும் குழம்பியிருக்கும். அதற்கு அது சரியான மருந்து. எந்த நோய் என்று தெரியாமல் கொடுப்பதுதான் தகராறு.


ஈசூன்வாசி | வெள்ளி, மாலை 7.15

வேலை முடிந்து வந்து பார்த்தேன். சத்தம்: டக் டக் இல்லை. ஆனால் எப்போதாவது சுழற்சி நின்று மறுபடி தொடங்குவது போல ஒரு 'ஊஊம்' கேட்கிறது.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' என்கிறது. எண்கள்:

05: 0
சி5: 18
சி6: 0
சி7: 7பி2
சி0: 5எஃப்

எண்ணுக்கு நடுவில் எழுத்து எப்படி வந்தது என்று புரியவில்லை. ஈவன்ட் வியூவரில் 129, 153 இரண்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. 7 இரண்டொரு இடத்தில்தான் இருக்கிறது.


பழைய_மதர்போர்டு | வெள்ளி, இரவு 8.02

எழுத்து வருவதற்குக் காரணம், அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறு அடிமானத்தில் (0 முதல் 9வரை, பிறகு ஏ முதல் எஃப்வரை) எண்களைக் காட்டும். அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் சி5 பதினெட்டு அல்ல, 24. சி7 என்பது 1970. சி0 என்பது 95.

இப்போது கதை கொஞ்சம் தெளிவாகிறது. சி7 என்பது மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தரவு போகும்போது கெட்டுப்போன தடவைகளின் எண்ணிக்கை. டிஸ்க்குக்குள் தரவு பதியும் வட்டத் தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஏறினால் பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி, அரிதாகப் போர்ட். 1970 என்பது சாதாரணமாகப் பார்க்கும் அளவு அல்ல. 129ஆம், 153ஆம் எண் எச்சரிக்கைகளும் அதற்கே சாட்சி சொல்கின்றன.

சி0 என்பது ஒழுங்காக அணைக்காமல் மின்சாரம் திடீரென அறுந்த தடவைகள். நீங்கள் சொன்ன 'ஊஊம்' சத்தத்தோடு இதைச் சேர்த்தால் மின் இணைப்பும் தளர்ந்திருக்கலாம் என்று படுகிறது. 3.5 அங்குல டிஸ்க் சுழல 12 வோல்ட் வேண்டும். அந்த முனை ஒரு கணம் விட்டால்கூடப் படிக்கும் தலை ஓடிப்போய் ஒதுங்கும், தட்டு நின்று மறுபடி சுழலும்.

சி5தான் கவலை. 24 செக்டர்களைப் படிக்க முடியாமல், 'பிறகு பார்க்கலாம்' என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தாலும் இப்படி ஆகும், தட்டு தேய்ந்தாலும் ஆகும். எது என்று இப்போது சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: கணினியை அணைத்து, சுவரில் பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறங்கள். டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிள்களில் மெல்லியது (7 முனை) தரவு, அகலமானது (15 முனை) மின்சாரம். தரவுக் கேபிளைப் புதிதாக மாற்றுங்கள், முனையில் இரும்புக் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். மின் கேபிளில் நடுவே ஒரு முனையை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பான் அல்லது பழைய நான்கு முனை பிளக்கிலிருந்து மாற்றும் அடாப்டர் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் முனையைப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான அடாப்டர்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த படங்கள் இணையத்தில் ஏராளம்.


ஈசூன்வாசி | வெள்ளி, இரவு 8.20

நடுவில் ஓர் அடாப்டர் இருக்கிறது! பெட்டியை வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். நாளைக்கு சிம் லிம் கணினிக் கடைத்தொகுதிக்குப் போய்க் கேபிள் வாங்குகிறேன்.


காப்பிஓ_கொசோங் | வெள்ளி, இரவு 8.41

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கையடக்க டிஸ்க், 2.5 அங்குலம். லேப்டாப்பில் ஓடுகிறது, வீட்டு டெஸ்க்டாப்பில் முன்பக்க யுஎஸ்பியில் போட்டால் விளக்கு எரிகிறது, ஆனால் டிரைவ் வருவதில்லை. இதுவும் போய்விட்டதா?


பழைய_மதர்போர்டு | வெள்ளி, இரவு 8.55

லேப்டாப்பில் ஓடினால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2 போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. அந்த டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் முதல் விநாடிகளில் ஓர் ஆம்பியர்வரை இழுக்கும். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே நீளமாக ஒரு மெல்லிய கேபிள் போகிறது, அங்கேயே வோல்ட் இறங்கிவிடும். பின்பக்கம் மதர்போர்டில் நேரே இருக்கும் போர்ட்டில், டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளால் செருகிப் பாருங்கள்.

அதுவும் வரவில்லை என்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். அங்கே டிஸ்க் தெரிந்து, டி, இ போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் வலது சொடுக்கி எழுத்து கொடுத்தால் போதும். 'ரா' (உள்ளே இருக்கும் கோப்பு முறைமை விண்டோஸுக்குப் புரியவில்லை) என்று காட்டினால் கையை எடுத்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். 'இனிஷியலைஸ் செய்யவா', அதாவது வெற்று டிஸ்க்காகத் தயார் செய்யவா என்று கேட்பது புத்தம் புதிய டிஸ்க்குக்கு மட்டும்தான் நியாயமான கேள்வி, உள்ளே படங்கள் இருக்கும் டிஸ்க்குக்கு அல்ல.


அங்மோகியோ_அக்கா | வெள்ளி, இரவு 9.30

தம்பிகளா, டக் டக் சத்தம் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். 80களின் கடைசியில் பள்ளி முடித்ததும் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலையில் சேர்ந்தவள் நான். இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அந்தக் காலத்தில் இங்கே வீட்டுக்கு ஒருவராவது அந்த வரிசையில் உட்கார்ந்திருப்போம். 1982இல் சீகேட் வந்தது. பிறகு மேக்ஸ்டார், கானர், மைக்ரோபோலிஸ், வெஸ்டர்ன் டிஜிட்டல் என்று ஒவ்வொன்றாக வந்தன. 90களின் தொடக்கத்தில் உலகத்தில் தயாரான ஹார்டு டிஸ்க்குகளில் ஏறத்தாழப் பாதி இந்தத் தீவிலிருந்து போனது.

உள்ளே போகும் முன் நாலா பக்கமும் காற்றடிக்கும் ஒரு சின்ன அறையில் நிற்க வேண்டும். பவுடர் கூடாது, பொட்டு கூடாது, மல்லிகைப்பூ கூடவே கூடாது. கண் மட்டும் தெரியும் உடுப்பு. எங்கள் அறையின் தரம் 'கிளாஸ் 100'. அதாவது ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்குப் பெரிதோ ஆன தூசி நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரவேற்பறையில் அது பல லட்சம் இருக்கும்.

ஏன் அவ்வளவு கெடுபிடி என்றால், படிக்கும் தலை தட்டைத் தொடாது. தட்டு சுழலும்போது எழும் காற்றில் மிதக்கும். இப்போதைய டிஸ்க்குகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான், எங்கள் காலத்தைவிடப் பல மடங்கு குறைவு. தலைமுடி ஒன்றின் தடிமன் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. இட்லி மாவில் கல் விழுந்தால் எடுத்துப் போட்டுவிடலாம், அங்கே ஒரு துகள் விழுந்தால் தட்டையே கீறிக்கொண்டு போகும்.

டக் டக் என்பது, தலை தன் இடத்தை அறியத் தட்டில் எழுதியிருக்கும் குறிகளைத் தேடிக் கிடைக்காமல், ஓரத்துக்குப் போய் மறுபடி மறுபடி முயலும் சத்தம். தலை கெட்டிருக்கும், அல்லது தட்டு கீறியிருக்கும். அந்த நிலையில் ஓட விட்டால் ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் பூச்சைச் சுரண்டும். மூடியைத் திறந்து பார்க்கலாமே என்று ஒருவரும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்காதீர்கள்.


காப்பிஓ_கொசோங் | வெள்ளி, இரவு 9.44

அக்கா, ஜிப்லாக் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்கிறார்களே?


அங்மோகியோ_அக்கா | வெள்ளி, இரவு 9.52

இந்த ஊர்க் காற்றில் ஐஸ் காப்பிக் குவளை ஒரு நிமிடத்தில் வியர்ப்பதைப் பார்த்ததில்லையா நீங்கள்? சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. ஈரம் உள்ளேயும் படியும், வெளியே இருக்கும் போர்டிலும் படியும். பழைய டிஸ்க்குகளில் யாருக்கோ எப்போதோ ஓடியிருக்கலாம். வேண்டாம்.


லினக்ஸ்_லிங்கம் | வெள்ளி, இரவு 10.03

அக்கா பதிவை மேலே ஒட்டி வைக்கலாம். கூடவே ஒன்று: அதே மாடல் டிஸ்க் வாங்கி அடியில் இருக்கும் பச்சைப் போர்டை மாற்றினால் போதும் என்ற யோசனையும் இப்போது பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் தனியாக அளந்து எழுதிய விவரங்கள் அந்தப் போர்டின் சிப்பில் இருக்கின்றன. சிப்பை மாற்றி ஒட்டாமல் ஓடாது.


ஈசூன்வாசி | சனி, மாலை 5.40

கேபிள் மாற்றிவிட்டேன், அடாப்டரைத் தூக்கிவிட்டேன். தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையம்வரை நடந்ததில் புதிய 4 டிபி டிஸ்க்கும் கைக்கு வந்துவிட்டது.

போட்டதும் டி டிரைவ் உடனே வந்தது! ஊஊம் சத்தம் இதுவரை இல்லை. சி7 அதே 7பி2. இறங்கவில்லையே, சரியாகவில்லையா?


பழைய_மதர்போர்டு | சனி, மாலை 6.05

இறங்காது. அது வாழ்நாள் கணக்கு. அங்கேயே நின்றால் கேபிள்தான் காரணம் என்று முடிவு. நகல் எடுத்து முடித்ததும் மறுபடி பாருங்கள்.

நகல் எடுக்க எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாதீர்கள். ஒரு கெட்ட கோப்பில் மாட்டினால் மொத்தமும் நின்று, 'மறுபடி முயலவா' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் கூடவே வரும் ரோபோகாப்பி நல்லது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு கோப்பைப் பத்து லட்சம் தடவை முயலும், ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். ஆகவே ஆர் சுவிட்ச்சுக்கு (முயலும் தடவை; இது செக்டிஸ்க் ஆர் அல்ல) 1, டபிள்யூ சுவிட்ச்சுக்கு (காத்திருக்கும் விநாடி) 1 என்று கொடுங்கள். எடுக்க முடியாததை விட்டுவிட்டு நகரும், பட்டியலையும் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லலாம்.

வரிசை முக்கியம்: முதலில் மறுபடி கிடைக்காதவை. மணிவிழா, பிள்ளைகள் படம், வரி ஆவணம். இறக்கிய படங்கள் கடைசி.


லினக்ஸ்_லிங்கம் | சனி, மாலை 6.22

டிஸ்க் மறுபடி தடுமாற ஆரம்பித்தால் ரோபோகாப்பியை நிறுத்திவிட்டு என் வழிக்கு வாருங்கள். லினக்ஸ் யுஎஸ்பியில் கணினியைத் தொடங்கி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டுங்கள். அது கோப்புகளைப் பார்க்காது, டிஸ்க்கை அப்படியே பிம்பமாக எடுக்கும். முதல் ஓட்டத்தில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். அப்புறம் அந்தப் பிம்பத்தின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகள், செக்டிஸ்க், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கெட்டாலும் கெடுவது நகல்தானே.

எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மட்டும் மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். திசை மாறினால் வெறும் டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும்.


தேக்கா_தம்பி | சனி, இரவு 8.10

ஒரு பொதுவான சந்தேகம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலமாக 'நன்று' என்று காட்டினால் பயமில்லாமல் இருக்கலாமா? என் டிஸ்க் நீலம். வீட்டில் ஏர்கான் படுக்கையறையில் மட்டும்தான், கணினி ஹாலில் இருக்கிறது, 46 டிகிரி காட்டுகிறது.


லினக்ஸ்_லிங்கம் | சனி, இரவு 8.33

நீலம் நம்பிக்கைப் பத்திரம் அல்ல. கூகுள் 2007இல் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை ஸ்மார்ட்டில் எந்த முன்னறிவிப்பும் தராமலே போயின. மறுபக்கம், பரப்பைச் சோதிக்கையில் முதல் படிப்புப் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு பிழையே வராததைவிட 39 மடங்கு அதிகம் என்றும் கண்டார்கள். ஆக, மஞ்சள் வந்தால் நம்புங்கள், நீலத்தை முழுக்க நம்பாதீர்கள்.

வெப்பத்தைப் பற்றி அதே ஆய்வில் வந்தது பலருக்கு ஆச்சரியம்: மிக அதிக வெப்பத்தைத் தவிர, சூடு கூடக் கூடப் பழுது கூடும் என்று தெளிவாகத் தெரியவில்லை. 46க்குப் பதற வேண்டாம். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்சவரம்பு 60. முன்பக்க மின்விசிறியின் தூசியைத் தட்டுங்கள், கணினியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.


காப்பிஓ_கொசோங் | சனி, இரவு 9.01

பின்பக்கப் போர்ட் வேலை செய்தது, நன்றி. இன்னொன்று: ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி, கையடக்கம், 39 வெள்ளிக்கு வருகிறது. பேக்கப்புக்கு வாங்கலாமா?


பழைய_மதர்போர்டு | சனி, இரவு 9.06

வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். 16 டிபி என்று விண்டோஸிடம் பொய் சொல்லும்படி அதன் மென்பொருளைத் திருத்தியிருப்பார்கள். நீங்கள் எழுதுவது எல்லாம் எழுதியதாகவே காட்டும், உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும். திறக்கும்போதுதான் தெரியும். ஏற்கெனவே வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் நிரப்பிச் சோதியுங்கள், லினக்ஸில் எஃப்3.

இதோடு சேர்த்து, 1 டிபி வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல். மாதம் ஒருவர் கேட்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.


ஜூரோங்_நைட்ஷிஃப்ட் | ஞாயிறு, அதிகாலை 3.12

லேப்டாப் எஸ்எஸ்டிக்கும் இதே வைத்தியமா? என்னுடையது நேற்றுவரை ஓடியது. இன்று பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) காணோம். ஒரு சத்தமும் இல்லை, ஓர் எச்சரிக்கையும் இல்லை.


லினக்ஸ்_லிங்கம் | ஞாயிறு, காலை 9.25

எஸ்எஸ்டி அப்படித்தான் போகும். சுழலும் பாகம் இல்லாததால் சத்தம் வராது. உள்ளே எல்லாவற்றையும் நடத்தும் கன்ட்ரோலர் சிப் கெட்டால் ஒரே அடியாக மறையும். செய்யக்கூடியது குறைவு: லேப்டாப்பை முழுக்க அணைத்து, கழற்றக்கூடிய எம்.2 வகை அட்டையாக இருந்தால் எடுத்து மறுபடி செருகுங்கள். வேறு கணினியில் அல்லது யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பாருங்கள். பெட்டி வாங்கும்போது உங்கள் எஸ்எஸ்டி என்விஎம்இ, சாட்டா என்ற இரண்டு வகையில் எது என்று கவனியுங்கள், பெட்டி பொருந்த வேண்டும். அங்கேயும் தெரியாவிட்டால் மீட்பு நிறுவனம்தான்.

தவறி அழித்த கோப்புக்கும் எஸ்எஸ்டியில் நம்பிக்கை குறைவு. டிரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைக் காலி என்று எஸ்எஸ்டிக்கு உடனே சொல்லிவிடும். அது கொஞ்ச நேரத்தில் துடைத்துவிடும்.

வேறு கணினியில் போட்டதும் 48 இலக்க எண் கேட்டால் பயப்படாதீர்கள். அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் குறியாக்கம். விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் உங்களைக் கேட்காமலே பூட்டு போடப்பட்டிருக்கும். சாவி நீங்கள் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எல்லாரும் இன்றைக்கே ஒரு தடவை அங்கே போய் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 8.50

நகல் முடிந்தது. மணிவிழா வீடியோ முழுதாக ஓடுகிறது, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஏழு கோப்பு மட்டும் எடுக்க முடியவில்லை, எல்லாம் பழைய விளையாட்டு நிறுவல் கோப்புகள், போகட்டும். சி7 இன்னும் 7பி2. புதிய 129 எதுவும் இல்லை.

பழைய டிஸ்க்கை என்ன செய்ய? சி5 அதே 24.


பழைய_மதர்போர்டு | ஞாயிறு, இரவு 9.14

இப்போது பார்மட் செய்யலாம்! 'விரைவு' என்ற குறியை எடுத்துவிட்டு முழு பார்மட். விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதும். ஒதுக்கிவைத்த 24 செக்டர்களிலும் எழுத நேரும்போது, எழுத முடிந்தால் டிஸ்க் அவற்றைப் பட்டியலிலிருந்து விடுவிக்கும். முடியாவிட்டால் மாற்று இடம் கொடுத்து 05இல் கணக்கு வைக்கும். சி5 பூச்சியம், 05உம் பூச்சியம் என்று முடிந்தால் மின்சாரக் கோளாறுதான் அத்தனைக்கும் காரணம். 05 ஏறினால் தட்டு தேய்கிறது.


ஈசூன்வாசி | திங்கள், இரவு 7.30

முடிந்தது: சி5 பூச்சியம். 05 எட்டு.


பழைய_மதர்போர்டு | திங்கள், இரவு 7.41

அப்படியென்றால் கேபிள், தட்டு இரண்டுமே. விளையாட்டு, படம் இறக்க வைத்துக்கொள்ளலாம். மறுபடி கிடைக்காத எதையும் அதில் வைக்காதீர்கள். நானாக இருந்தால் கழற்றிவிடுவேன்.

புதிய 4 டிபியின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2012 செப்டம்பரில் வந்த 'லெமன் லா' என்ற நுகர்வோர் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது உண்டு, தனியாளிடம் வாங்கியதற்கு இல்லை. உள்ளே இருந்த படங்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.


தேக்கா_தம்பி | திங்கள், இரவு 8.02

என் படமெல்லாம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் தானாகவே ஏறுகிறது. தனியாக வேண்டுமா?


லினக்ஸ்_லிங்கம் | திங்கள், இரவு 8.15

இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான். வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே வைத்தால் இடி விழுந்தாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இரண்டும் சேர்ந்து போகும்.


ஈசூன்வாசி | திங்கள், இரவு 9.00

கழற்றிவிட்டேன். அப்படியே கீழே குப்பைத் தொட்டியில் போடலாமா?


அங்மோகியோ_அக்கா | திங்கள், இரவு 9.20

வேண்டாம் தம்பி, கடைத்தொகுதிகளில் மின்கழிவுத் தொட்டி இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து தீவு முழுக்க வைத்திருக்கிறார்கள். நீங்கள் முழு பார்மட் செய்துவிட்டீர்கள், வீட்டுக் கணினிக்கு அது போதும். செத்துப்போய்ப் பார்மட்டே செய்ய முடியாத டிஸ்க் என்றால் மட்டும் துளைபோடும் கருவியால் தட்டில் இரண்டு ஓட்டை போடலாம். 3.5 அங்குலத்தில் பெரும்பாலும் அலுமினியத் தட்டு, ஓட்டை விழும். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தட்டினால் பொடிப்பொடியாகச் சிதறும். அதைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.